வாடகைப் பொழுதுகள்: ரிக்வுட் மைதானம் பற்றிச் சில குறிப்புகள்

அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் நகரின் மேற்கே ரிக்வுட் ஃபீல்டு என்றொரு பேஸ்பால் மைதானம் இருக்கிறது. 1910 ஆகஸ்ட் 18இல் திறக்கப்பட்டது. இன்றும் நிற்கிற தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் அந்நாட்டிலேயே மூத்தது அதுதான். பாஸ்டனின் ஃபென்வே பார்க் (1912), சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு (1914) எல்லாம் அதற்கு இளையவை. இந்த மூப்பைச் சுற்றி ஒரு கதையாடல் கட்டப்பட்டிருக்கிறது. வெள்ளையர் அணியும் கறுப்பர் அணியும் 'பகிர்ந்துகொண்ட' மண் என்பது அதன் சாரம். இக்கட்டுரை சந்தேகிப்பது அந்தப் 'பகிர்தல்' என்ற சொல்லை. கூடவே, இப்படிச் சந்தேகிப்பதையே தொழிலாக வைத்திருக்கிற நம்முடைய விமர்சனம் எதைத் தவறவிடுகிறது என்பதையும் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது.

எனக்குப் பேஸ்பால் தெரியாது. கிரிக்கெட்டை வைத்து அதை ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பர்மிங்ஹாமில் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கும் அத்தான் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தபோது போய்ப் பார்த்தேன். "ஆட்டம் இல்லாத நாள்ல அங்க என்ன மாப்ளே இருக்கு, காலி கிரவுண்டு" என்றார் அத்தான். எனக்கு வேண்டியிருந்ததும் காலி கிரவுண்டுதான். கூரை போட்ட கேலரி, கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள், 1936இல் நிறுத்திய விளக்குக் கோபுரங்கள், அப்பால் வெயிலில் கிடக்கிற புல். தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவனுக்குப் பாதி ஆட்டம் தெரிந்திருக்காது. இன்றைய ஆட்டவேலிக்கு வெளியே 1928இல் எழுப்பிய பழைய கான்கிரீட் மதில் தனியாக நிற்கிறது. முகப்பும் அதே 1928இல் கட்டியதுதான். அலபாமா மாநிலம் கைதிகளை நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் குத்தகைக்கு விடும் முறையைக் கைவிட்டதும் அந்த ஆண்டில். கடைசியாகக் கைவிட்ட மாநிலம் அது. குத்தகைக்குப் போன கைதிகளில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே ஊர், ஒரே ஆண்டு என்று மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

பர்மிங்ஹாம் 1871இல் உண்டான நகரம். இரும்புத்தாதும் நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்ததால் எழுந்த ஊர். மைதானத்தைக் கட்டிய ரிக் உட்வர்டு, உட்வர்டு இரும்புக் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளை. அவர் பெயரின் முன்னும் பின்னும் ஒட்டித்தான் 'ரிக்வுட்'. அவருடைய அணிக்கு 'கோல் பேரன்ஸ்' என்று பெயர். நிலக்கரிப் பிரபுக்கள். 1920இல் கறுப்பர்களுக்கென்று தொழில்முறை அணி உருவானபோது அது 'பிளாக் பேரன்ஸ்' ஆயிற்று. தமிழ்க் காதுக்குப் பேரப்பிள்ளைகள் மாதிரிக் கேட்கிற இந்தப் பெயரில் ஒரு விபரீதம் இருக்கிறது. உருக்காலைகளின் அணிகளில் ஆடிவிட்டு வந்த தொழிலாளிகள் முதலாளிகளின் பட்டத்தைச் சட்டையில் தைத்துக்கொண்டு ஆடினார்கள்.

ஒதுக்கல் என்றதும் நாம் இடத்தைத்தான் யோசிக்கிறோம். கயிறு, வேலி, தனி வாசல். ரிக்வுட்டிலும் இவை உண்டு. வெள்ளையர் அணி ஆடும்போது கறுப்பர்கள் வலப்பக்கக் கோடியில் ஒதுக்கிய கேலரியில்தான் உட்கார வேண்டும். பிளாக் பேரன்ஸ் ஆடும்போது நிலைமை திரும்பும். பார்க்க வருகிற வெள்ளையர்களுக்குத் தனிப் பகுதி. இதைச் சொல்லித்தான் சிலர், "பாருங்கள், இருபுறமும் சமமாகத்தான் இருந்தது" என்கிறார்கள். என் பார்வையில் ரிக்வுட்டின் ஒதுக்கல் இடத்தைவிடக் காலத்தில்தான் துல்லியமாக இயங்கியது. வெள்ளையர் அணி வெளியூர் போன நாட்களில் மட்டுமே கறுப்பர் அணிக்கு மைதானம். அதுவும் வாடகைக்கு. அட்டவணையை முதலில் எழுதுகிறவன் ஒருவன். அவன் எழுதாமல் விட்ட கட்டங்களில் தன் ஆட்டத்தை எழுதிக்கொள்கிறவன் இன்னொருவன். இரண்டு பேரும் ஒரே புல்லில் ஓடினார்கள் என்பது உண்மை. ஒரே நேரத்தில் ஓடக்கூடாது என்பதில்தான் அந்த நகரத்தின் அதிகாரம் முழுக்க அடங்கியிருந்தது.

இங்கே உடனே இரட்டைக் குவளை என்று எழுதக் கை வருகிறது. எழுத வேண்டாம் என்றே நினைக்கிறேன். ஒப்புமை கிடைத்த சந்தோஷத்தில் எதிரே இருப்பதன் குறிப்பான தன்மையை விட்டுவிடுவது நம் கட்டுரைகளில் அடிக்கடி நடக்கிறது.

பர்மிங்ஹாமின் முனிசிபல் சட்டத்தை வாசிப்போம். 1930இல் ஒரு விதி வந்தது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டு, பகடை, டாமினோ, செக்கர்ஸ் எதுவும் ஆடக்கூடாது. ஆடினால் குற்றம். செக்கர்ஸ் பலகையின் இரு பக்கமும் இரண்டு பேர் குனிந்து உட்கார்ந்திருப்பதில் ஓர் அரசுக்கு என்ன பயம்? ஆட்டம் என்பது விதிகளுக்கு முன்னால் இருவரையும் ஒன்றாக வைக்கிறது. தோற்கலாம் என்ற சாத்தியத்தை வெள்ளையனுக்கும் கொடுத்துவிடுகிறது. பயம் அதில்தான். ஃபூக்கோவை இங்கே அழைத்துவர அவசியமில்லை, விதியே போதுமான அளவு பேசுகிறது. 1950இல் அந்தப் பட்டியலில் பேஸ்பால், கால்பந்து, கூடைப்பந்து முதலியவற்றையும் சேர்த்தார்கள். கவனிக்க வேண்டியது ஆண்டு. ஜாக்கி ராபின்சன் 1947இலேயே புரூக்ளின் அணியில் ஆடத் தொடங்கிவிட்டார். நாடு ஒரு திசையில் அசையும்போது நகரம் தன் சட்டத்தை இறுக்குகிறது. 1954 தொடக்கத்தில் நகர நிர்வாகம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. பள்ளிகளில் நிற ஒதுக்கல் செல்லாது என்று உச்சநீதிமன்றம் மே 17இல் தீர்ப்புச் சொன்னது. ஜூன் 1இல் பர்மிங்ஹாம் வாக்காளர்கள் ஓட்டுப்போட்டு விதியை மறுபடி கொண்டுவந்தார்கள். ஜனநாயகத்தின் பெயரால்தான் எல்லாம் நடந்தது.

இதில் குரல் ஒன்றும் உண்டு. 1963 மே மாதம் பர்மிங்ஹாம் தெருக்களில் கறுப்புச் சிறுவர் சிறுமியர் மீது நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவிய யூஜின் 'புல்' கானரை நமக்குத் தெரியும். அந்தப் புகைப்படங்கள் உலகம் முழுக்கப் போயின. அவர் முதலில் பேஸ்பால் வர்ணனையாளர் என்பது பலருக்குத் தெரியாது. பேரன்ஸ் ஆட்டங்களை வானொலியில் சொல்லிச் சொல்லித்தான் ஊருக்குப் பரிச்சயமானார். அந்தப் புகழோடு 1934இல் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். 1937இல் போலீசும் தீயணைப்பும் கையிலிருக்கிற பொதுப்பாதுகாப்பு ஆணையர் பதவிக்கு வந்தார். அந்தக் காலத்தில் வெளியூர் ஆட்டங்களுக்கு வர்ணனையாளர் நேரில் போகமாட்டார். தந்தியில் இரண்டு சொல் வரும். அதை வைத்துக்கொண்டு பந்து பறப்பதையும் கூட்டம் எழுவதையும் கண்ணால் கண்டது போலவே சொல்ல வேண்டும். கானர் இதில் கெட்டிக்காரர். பார்க்காத ஒன்றைப் பார்த்த நிச்சயத்தோடு சொல்லி ஊரையே நம்பவைக்கிற பயிற்சி அது. இனவாத அரசியலுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் எது? எதார்த்தவாதம் பற்றி எழுதுகிற நம்மவர்கள் கானரை ஓர் எதார்த்தவாதக் கதைசொல்லியாக ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

1961 அக்டோபரில், பூங்காக்களில் நிறம் பார்க்கக்கூடாது என்று மத்திய நீதிமன்றம் உத்தரவிட்டது. நகரம் என்ன செய்தது? 1962 தொடக்கத்தில் 67 பூங்காக்கள், 38 விளையாட்டுத் திடல்கள், 8 நீச்சல் குளங்கள், 4 கோல்ஃப் மைதானங்கள், எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டியது. கறுப்பரோடு ஆடுவதைவிட ஆடாமலே இருக்கலாம். பேரன்ஸ் ஆடிவந்த சதர்ன் அசோசியேஷன் லீக்கும் 1961 சீசனோடு முடிந்துபோனது. 1962, 1963 இரண்டு கோடைகளிலும் ரிக்வுட்டில் தொழில்முறை அணி இல்லை. அந்த 1963 ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து, பொறுத்திருங்கள் என்று உபதேசித்த வெள்ளை மதகுருமார்களுக்குப் பதில் எழுதினார். அந்தக் கடிதத்தை நாம் அறம் பற்றிய பிரதியாகவே வாசித்து வந்திருக்கிறோம். பிறருடைய அட்டவணையில் காலியான கட்டம் வரும்வரை காத்திரு என்று காலங்காலமாகச் சொல்லப்பட்ட ஒரு ஊருக்குள்ளிருந்து வந்த கடிதம் அது. ரிக்வுட்டைப் பார்த்தபிறகு காலம் பற்றிய பிரதியாகவும் அதை வாசிக்கிறேன். செப்டம்பர் 15இல் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் செத்தார்கள். அடுத்த ஆண்டு, 1964இல், இரு நிறத்தாரும் ஒரே சட்டை போட்ட அணி ரிக்வுட்டுக்கு வந்தது.

இதுவரை எழுதியது நமக்குச் சுலபமான பகுதி. அதிகாரம், ஒதுக்கல், எதிர்ப்பு. இந்தச் சட்டகத்துக்குள் எதைக் கொடுத்தாலும் எழுதிவிடுவோம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், பர்மிங்ஹாமின் கறுப்பு முதியவர்கள் இந்த மைதானத்தை நேசித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து, போட்டிருக்கிற நல்ல உடுப்போடும் தொப்பியோடும் பிளாக் பேரன்ஸ் ஆட்டத்துக்கு வருவது அவர்கள் வாழ்வின் பெரிய கொண்டாட்டம். 1927இலிருந்து 1930வரை சாச்சல் பேஜ் இங்கே பந்து எறிந்தார். 1948இல் பதினேழு வயதில் வில்லி மேஸ் வந்தார். பக்கத்து வெஸ்ட்ஃபீல்டு உருக்காலைக் குடியிருப்பில் பிறந்த பையன். பள்ளிக்கூடம் நடக்கிற மாதங்களில் உள்ளூர் ஆட்டம் மட்டும் ஆடலாம் என்ற நிபந்தனையோடு வந்தவன். அவனை அண்ணன் மாதிரி வளர்த்தவர் ஆடிக்கொண்டே அணியை நடத்திய பைப்பர் டேவிஸ். அணியின் முதலாளி டாம் ஹேய்ஸ் மெம்ஃபிஸ் நகரத்துக் கறுப்பர், சவ அடக்கத் தொழில் நடத்தியவர். கறுப்புப் பிணங்களை வெள்ளை நிறுவனங்கள் தொடாது என்பதால் கறுப்பர் கையில் பணம் சேரவிட்ட சில தொழில்களில் அது ஒன்று. அந்தப் பணத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தன.

இந்த மகிழ்ச்சியை என்ன செய்வது? பொய்ப் பிரக்ஞை என்று ஒரு காலத்தில் தள்ளியிருப்போம். இப்போது 'எதிர்வெளி', 'கலகம்' என்று பெயர் வைப்போம். இரண்டிலும் அந்த மனிதர்கள் நம் கோட்பாட்டுக்கு வேலை செய்யவேண்டியிருக்கிறது. தலித் எழுத்தைப் படிக்கும்போதும் இதையே செய்கிறோம்: வலியைக் கோடிட்டு வாசிக்கிறோம், கதையில் வருகிற சிரிப்பையும் சாப்பாட்டையும் ஆட்டத்தையும் இடைநிரப்பியாகத் தாண்டிப் போகிறோம். சி.எல்.ஆர். ஜேம்ஸ் வேறு மாதிரிச் செய்தார். டிரினிடாட் கிரிக்கெட் பற்றிய அவருடைய 'பியாண்ட் எ பவுண்டரி' வெளியானதும் அதே 1963இல்தான். கிரிக்கெட் கிளப்புகள் நிறத்தின் படிநிலையில் பிரிந்து கிடந்ததை அவர் ஒளிக்கவில்லை. தான் கறுத்தவர்களின் ஷானன் கிளப்பை விட்டு மாநிறத்தாரின் மேப்பிளில் சேர்ந்ததையும் எழுதினார். ஆனால் மட்டை வீசுகிற அழகைப் பற்றிப் பேசும்போது அதை எதற்கும் உருவகமாக்காமல் பேச அவருக்குத் தெரிந்தது. மார்க்சியரான அவருக்கு அது சாத்தியப்பட்டது. நமக்கு ஏன் படமாட்டேன் என்கிறது?

வாடகைப் பொழுது என்று நான் சொல்வது இதையும் சேர்த்துத்தான். வாடகைக்கு விட்டவன் அந்த மூன்று மணி நேரத்தை எண்ணித்தான் விட்டான். அதற்குள் என்ன உண்டாகும் என்பது அவன் கணக்கில் இல்லை.

1948ஐ இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். அந்த ஆண்டு வெள்ளை பேரன்ஸ் பாஸ்டன் ரெட் சாக்ஸின் கிளை அணி. அதில் வால்ட் ட்ரோப்போ என்றொரு மலை மாதிரி ஆள். அவர் அடித்த பந்து ஒன்று வெளி மதிலில் போய் மோத, மோதிய இடத்தில் எக்ஸ் குறி போட்டார்கள். அதே ஆண்டு, அதே புல்லில், வேறு தேதிகளில் மேஸ். 1950இல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம் ட்ரோப்போ. 1951இல் நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம் மேஸ். ரெட் சாக்ஸ் தன் கிளை அணியின் மைதானத்திலேயே கிடைத்த மேஸை விட்டது; நியூயார்க் ஜயண்ட்ஸ் 1950இல் எடுத்துக்கொண்டது. பைப்பர் டேவிஸை ரெட் சாக்ஸ் ஒப்பந்தம் செய்தது, அந்த நிறுவனம் எடுத்த முதல் கறுப்பர் அவர். கீழ்நிலை அணியில் அவரே நன்றாக மட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது 1950 மே மாதம் அனுப்பிவிட்டார்கள். காரணம் பணநெருக்கடியாம். அதன் முதலாளி டாம் யாக்கி பெரும் பணக்காரர். ரெட் சாக்ஸில் கறுப்பர் ஒருவர் ஆட 1959 ஆயிற்று, பெரிய லீக் அணிகளில் கடைசியாக.

'இணைப்பு' என்று கொண்டாடப்படுவதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ராபின்சனை எடுத்தபோது புரூக்ளின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி, அவர் ஆடிவந்த கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்குக் காசு எதுவும் கொடுக்கவில்லை. கறுப்பர் லீக்குகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், பார்வையாளர்களும் அவர்கள் பின்னால் போனார்கள், லீக்குகள் வற்றின. தனி மனிதர்களை ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் கட்டிய நிறுவனங்கள் வெளியிலேயே கிடந்தன. இதற்காக ஒதுக்கலே மேல் என்று யாரும் சொல்லப்போவதில்லை. எனக்கு ஏற்புடையதும் அல்ல. ஆனால் நுழைவு என்பது யாருடைய நிபந்தனையில் என்ற கேள்வியை ராபின்சனின் தனி வீரம் மூடிவிடக்கூடாது.

இனி பாதுகாப்பு, மரபு, புனரமைப்பு. 1987 சீசனோடு பேரன்ஸ் ஹூவர் என்ற புறநகருக்கு இடம்பெயர்ந்தது. வெள்ளையர் நகரை விட்டு வெளியே குடியேறிய திசை அது. 1992இல் ரிக்வுட்டைக் காப்பாற்ற ஓர் அமைப்பு உண்டாயிற்று. நல்ல வேலை செய்திருக்கிறார்கள், இல்லையென்றால் இடித்திருப்பார்கள். ஆனால் காப்பாற்றப்பட்ட பழமையில் எது பழையது? ஆட்டவேலியில் கண்ணைப் பறிக்கிற அந்தக்கால விளம்பரப் பாணி 1990களில், டை காப் வாழ்க்கைப் படமான 'காப்' (1994) எடுத்தபோது வந்தது. இனவெறிக்குப் பேர்போன ஓர் ஆட்டக்காரனின் படத்துக்காகச் செய்த பழமை. பிறகு ராபின்சன் பற்றிய '42' (2013) படமும் இங்கேயே எடுக்கப்பட்டது. எல்லாக் கதைக்கும் இடம் கொடுக்கிற தளம். விளம்பரத்தை மறுபடி வரையலாம், கையால் மாட்டுகிற ஸ்கோர் போர்டைச் செய்யலாம். 'கறுப்பர்களுக்கு' என்ற பலகையை எழுதி வலப்பக்கம் மாட்டுவார்களா? மாட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மீட்பதில் தேர்வு இருக்கிறது, தேர்ந்தவர்கள் அதைத் தேர்வு என்று சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவே.

2024 ஜூன் 20இல் பெரிய லீக் ஆட்டம் ஒன்று ரிக்வுட்டில் நடத்தப்பட்டது. ஜயண்ட்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் ஆடின. கார்டினல்ஸ் 6–5 என்று ஜெயித்தது. நடுவர்கள் அனைவரும் கறுப்பர்கள், பெரிய லீக்கில் முதல் தடவை. இரண்டு நாள் முன்னால், ஜூன் 18இல், மேஸ் 93 வயதில் இறந்துபோனார். நினைவேக்கத்துக்கு எல்லாம் கூடிவந்திருந்தது. ஆட்டத்துக்கு முந்தைய நேரலையில் ரெஜி ஜாக்சனைக் கேட்டார்கள், திரும்ப வந்தது எப்படி இருக்கிறது என்று. 1967இல் இங்கே ஆடியவர் அவர். சட்டப்படி ஒதுக்கல் ஒழிந்து மூன்று ஆண்டு கழித்து. எளிதாக இல்லை என்றார். உணவகத்தில் விரல் நீட்டிச் சொல்லி வெளியே அனுப்பியதை, விடுதியில் இடம் மறுத்ததை, தன்னைத் தங்கவைத்த வெள்ளைச் சகவீரரின் குடியிருப்பை எரித்துவிடுவோம் என்று மிரட்டியதை, யாரும் குறுக்கிட முடியாத வேகத்தில் சொன்னார். துணை நின்ற வெள்ளை நண்பர்களைப் பெயர் சொல்லி நன்றியோடு நினைத்தார். அந்த நன்றியைக் கொண்டு ஊரை மன்னிக்க மறுத்தார். மறுபடி அதை அனுபவிக்கச் சம்மதமா என்றால் மாட்டேன் என்றார். மதுரமான ஒளிப்பதிவும் பழைய பாணிச் சட்டைகளும் அந்தச் சில நிமிடங்களுக்குப் பின் வேறு மாதிரித் தெரிந்தன. அந்த ஆண்டு நான் கேட்ட மிகச் சிறந்த விமர்சனம் அது என்பேன். எழுத்தில் வரவில்லை என்பதற்காக அதை விமர்சனம் இல்லை என்று சொல்லமாட்டேன்.

கடைசியாகக் கணக்கு. கறுப்பர் லீக் ஆட்டங்களின் எண்கள் வெள்ளைப் பத்திரிகைகளில் ஒழுங்காக வராதவை. ஆய்வாளர்கள் கறுப்பர் நடத்திய வாரப் பத்திரிகைகளைத் தோண்டி ஒவ்வொரு ஆட்டமாக மீட்டிருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய உழைப்பு. 2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம், 1920 முதல் 1948 வரையிலான ஏழு கறுப்பர் லீக்குகளைப் 'பெரிய லீக்' என்று அறிவித்தது. 2024 மேயில் எண்கள் பதிவேட்டில் சேர்ந்தன. மேஸின் மொத்த அடிகள் 3,283 என்றிருந்தது 3,293 ஆயிற்று. பத்து கூடுதல், எல்லாம் 1948இல் அடித்தவை. அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் ஓர் ஆட்டம்கூட ஆடக் கிடைக்காமல் 1997இல் பர்மிங்ஹாமிலேயே இறந்துபோன பைப்பர் டேவிஸ், செத்து இருபத்து மூன்று ஆண்டு கழித்துப் பெரிய லீக் ஆட்டக்காரர் ஆனார். கோடு 1948இல் போடப்பட்டிருக்கிறது. 1949 கோடை முழுக்க மேஸ் பிளாக் பேரன்ஸுக்காக, டேவிஸின் கீழ், இதே மைதானத்தில் ஆடினார். அது கணக்கில் வராது.